டீச்சர் பக்கம் சாயும் செடிகள்

எங்கள் பகுதிப் பொதுத் தோட்டத்தில் செடிகள் வெயில் பக்கம் சாய்வதில்லை, அறிவியல் டீச்சர் நிற்கும் பக்கம் சாய்கின்றன. அவர் கம்பிக் கதவைத் திறந்ததும் தக்காளி திரும்பும், குழாயடிக்குப் போனால் வெண்டை கழுத்தைத் திருப்பும், குனிந்து செருப்பு வாரை மாட்டினால் கீரைப் பாத்தி மொத்தமும் அவர் காலடிப் பக்கம் படுத்துக்கொள்ளும். முதலில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. மூலைப் பாத்திக்காரரான தையல்காரர் மட்டும், தன் கத்தரிக்காய்கள் கோணலாகக் காய்ப்பதாகவும், டீச்சர் கொஞ்ச நாள் எதிர்ப்பக்கம் நின்றால் நேராகிவிடும் என்றும் சொன்னார். டீச்சர் மறுபேச்சில்லாமல் நின்றார். தப்புச் செய்தவர் வேறென்ன செய்வார்?

தப்பு நடந்தது, அவரிடம் படித்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது. பாடத்தைப் புத்தகத்தில் படிப்பதைவிட மண்ணில் பார்க்கட்டும் என்று டீச்சர்தான் வெள்ளிக்கிழமைதோறும் அவர்களை வரிசையாகத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். ஈரப்பஞ்சில் முளைகட்டிய பீன்ஸ் விதையை ஆளுக்கொன்றாக நட்டார்கள். நட்ட குழியையே பெரும்பாலான பிள்ளைகள் அடுத்த வாரம் மறந்துபோனார்கள். எறும்பு மறக்கவில்லை. பஸ் கண்டக்டர் அம்மாவின் மகளான அவளுக்கு, எதைக் கண்டாலும் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தால் வந்த பெயர் அது. பள்ளி விடுமுறை வந்தபோது, "நான் தண்ணி ஊத்திக்கறேன், நீங்க நிம்மதியா விளையாடுங்க" என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றிருந்த தங்கை வீட்டுக்குப் போய், குழந்தை வாசத்தில் எல்லாவற்றையும் மறந்தார். திரும்பி வந்தபோது பாத்தி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் அழுவார்களே என்று அவசர அவசரமாக நர்சரியில் பீன்ஸ் நாற்று வாங்கி, அதே குழிகளில் நட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, கைகழுவினார்.

வெள்ளிக்கிழமை வந்த பிள்ளைகள் குதித்தார்கள். எறும்பு மட்டும் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள். "இது என் செடி இல்ல டீச்சர். என்னோடதுல ஒரு இலைய புழு பாதி கடிச்சிருந்துச்சு."

டீச்சருக்கு முகம் சுட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால், கடித்த இலை திரும்ப வளர்ந்துவிட்டது என்றார். அவள் விடாமல், இல்லை, நான் பார்த்தேன் என்றதும், "கண்ணால பார்க்கறதெல்லாம் நிஜமாயிடுமா? பேசாம போய் நில்லு" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினார். அன்று மாலையே, பீன்ஸ் நாற்றுகள் மேற்கு வெயிலை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பின.

அந்த வருடத் தேர்வில், கடிபட்ட இலை மீண்டும் வளர்ந்து முழுதாகும் என்று எறும்பு எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, சரி என்று குறி போட்டார். தப்பென்று போட அவருக்கு என்ன யோக்கியதை? அதே வகுப்பில் வேறொருவன், செடி வளரத் தேவையானவை தண்ணீர், மண், டீச்சர் என்று எழுதியிருந்தான். அதற்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் அதே டீச்சர்தான். பூசணி காய்த்தது, வண்ணத்துப்பூச்சிப் புழு கூடு கட்டியது, மண்புழு உரக்குழி தோண்டினார்கள். எறும்பு குனியவே இல்லை. பூ என்ன நிறம் என்று கேட்டால், பூவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "நீங்களே சொல்லுங்க டீச்சர், எழுதிக்கறேன்" என்பாள். திமிரில் அல்ல, பணிவாகத்தான். அந்தப் பணிவைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. செத்த செடிக்கு வேறு செடி வைத்தது ஒரு குற்றமா, விட்டுத் தள்ளு என்றார் கணவர். "செடி கிடக்குதுங்க. அந்தப் பொண்ணு பார்க்கறதையே விட்டுட்டா. நான்தான் கெடுத்தேன்" என்று டீச்சர் சொல்லும்போது ஜன்னல் தொட்டியிலிருந்த புதினா அவரை நோக்கி வளைந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் அவள் இப்படியே யார் சொல்வதையாவது எழுதிக்கொண்டு காலம் தள்ளுவாளோ என்ற பயம் டீச்சரைப் பிடித்து ஆட்டியது. கடைசி வெள்ளிக்கிழமை, புதிதாகப் போட்டிருந்த பீன்ஸ் பாத்தி ஓரமாக எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: "மூணாங்கிளாஸ்ல எறும்பு சொன்னதுதான் சரி. நான் தண்ணி ஊத்தல. உங்க செடியெல்லாம் காஞ்சு போச்சு. கடையில வாங்கி நட்டுட்டு, அவளைப் போய் அதட்டினேன். கடிச்ச இலை திரும்ப வளராது. என்னை மன்னிச்சிடும்மா."

"அப்போ என்னோடதும் செத்துப்போச்சா?" என்று ஒருத்தன் அழ ஆரம்பித்தான். எறும்பு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு, முகவாய் மண்ணில் படக் குனிந்து, பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். டீச்சரை அந்தப் பக்கம் போகச் சொன்னாள், போனார். இந்தப் பக்கம் வரச் சொன்னாள், வந்தார். எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, இனி செடிகள் நிமிர்ந்துவிடும் என்று அவர் மனதார நம்பியிருந்தார்.

"நிமிர்ந்துடுச்சாம்மா?"

"இல்ல டீச்சர். இன்னும் உங்க பக்கம்தான் சாயுது."

"நல்லா பார்த்தியா?"

"நல்லா பார்த்துட்டேன்."

"அப்போ அப்படியே எழுதிக்கோ."

எறும்பு சம்மணம் போட்டு உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். எழுதவில்லை, வரைந்தாள்: ஒவ்வொரு தண்டையும், ஒவ்வொரு வளைவையும், நடுவில் டீச்சரையும். டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது பாத்தி மொத்தமும் கூடவே அசைந்தது.

"ஆடாதீங்க டீச்சர், செடி ஆடுது."

டீச்சர் கையைக் கீழே விட்டுவிட்டு, அவள் வரைந்து முடிக்கும்வரை ஆடாமல் நின்றார்.