ஃபஹத் குடிக்கவிருந்த சாயா

கடல் உண்டான காலம் தொட்டு எங்கள் கரைக்குப் புனிதர்கள் வந்திருக்கிறார்கள், புயல்கள் வந்திருக்கின்றன, தேர்தல் வருடங்களில் வேட்பாளர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் ஓர் அரபி, அதுவும் சாயா குடிப்பதற்கென்றே, நம் ஊருக்கு எழுந்தருளுவது சரித்திரத்தில் இதுவே முதல் முறை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஊர்க்குழுத் துணைத் தலைவர் ஞானையன் ஒலிபெருக்கியில் இவ்வாறு பிரகடனம் செய்தார். அதற்கு முன்பு இரண்டு கல்யாண ஓலைகள் வாசிக்கப்பட்டன. அரபி என்று காதில் விழுந்த பிறகு, யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அரபி வரவிருந்தது கபிரியேல் வீட்டுக்கு. முட்டம் கலங்கரை விளக்கின் வெளிச்சம் எங்கள் ஊர் ஓடுகளைத் தடவிவிட்டுப் போகும். அதில் முதலில் பளிச்சிடுவது கபிரியேலின் மாடி. சவூதியில், தம்மாமில் ஒரே வீட்டில் இருபது வருடம் கார் ஓட்டிக் கட்டிய வீடு. அவர் திரும்பி வந்த வருடமே மனைவி இறந்துபோனாள். மகன் லிஜின் நியூசிலாந்தில். ஆக, மாடி இரண்டு, குளியலறை நாலு, கழுவுவதற்குத் தட்டு ஒன்று. பால் வாங்கினால் திரிந்துபோகிறது என்று எட்டு வருடமாகக் கட்டன் சாயாதான்.

தம்மாம் வீட்டுப் பையன் ஃபஹத். அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவதும் வருவதும் கபிரியேல். பின் சீட்டில் உட்கார்ந்து அவன் இலக்கணப் பாடத்தைக் கத்திக் கத்தி மனப்பாடம் செய்வான். சிக்னலில் நிற்கும்போது கபிரியேலை மறுபடி சொல்லச் சொல்லுவான். அப்படித்தான் அவருக்கு அரபு இலக்கணம் வந்தது. கடைக்காரனிடம் பேசுகிற அரபி எல்லாருக்கும் வரும். கபிரியேலுக்கு வந்தது பரீட்சை அரபி. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் மத்தி மீன்கூட வாங்க முடியாது.

அந்த ஃபஹத் இப்போது வளர்ந்து, தகப்பனின் மூட்டுவலிக்கு எண்ணெய் போட அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டி வந்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாயா குடிப்பேன் என்று அரபியிலேயே குரல் செய்தி அனுப்பினான். கபிரியேல் அதை மீன்வண்டிக்காரர் பேபிக்குப் போட்டுக் காட்டினார். பேபி ஊருக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை முதல் வீடு நிறைந்தது.

ஞானையனுக்குக் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்ட வேண்டும். "அவனுவளுக்கு கல்லு போடுகதெல்லாம் ஒரு காரியமா? கடலுக்குள்ளயே ஊரு கட்டுகானுவ!" பேபிக்கு மகன் பிரபினுக்கு ஒரு விசா. பக்கத்து வீட்டு ஜெயபாய் எட்டு வருடமாக மதிலுக்கு மேலே தலையை மட்டும் காட்டியவள். இப்போது முந்திரிக்கொத்துச் சம்படத்தோடு முழுதாக வந்தாள். அவளுக்கு எதுவும் வேண்டாம். அரபியைப் பார்த்தால் போதும்.

வரவேற்புரையில் நாலு வார்த்தை அரபி கலக்க வேண்டும் என்று ஞானையன் கேட்டார். கபிரியேல் பால்சாயா கொடுத்துக்கொண்டே சொன்னார். "குடிக்கதுக்கு அ ஒட்டினா அஷ்ரபு, நான் குடிக்கேன். ந ஒட்டினா நஷ்ரபு, நாம குடிக்கோம். த போட்டா நீ, ய போட்டா அவன்."

"அப்போ ஆளு முன்னாலயே வந்து நிப்பானா?" என்றார் பேபி.

"ஆமா. நமக்கு வாலுல வருகது அவனுவளுக்குத் தலையில வரும்."

ஞானையனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "நம்ம பேருக்கு முன்னால தலைவர்னு ஒட்டுகது மாதிரி."

"துணைத் தலைவர்னு சொல்லும் ஓய். அந்தத் துணைய மட்டும் எப்பவும் முழுங்கிருதீரு!" என்றார் பேபி.

ஞானையன் சாயாவை முழுங்கினார்.

"இதுக்கெல்லாம் முன்னால ஸ போட்டா, இனி நடக்கப் போகுதுன்னு அர்த்தம். ஸ-அஷ்ரபு. குடிப்பேன்."

"எப்பக் குடிப்பான்னு அதுல தெரியுமா அண்ணே?" என்றாள் ஜெயபாய்.

"ஸன்னா சீக்கிரம். ரொம்ப நாளாவும்னா அதுக்கு வேற வார்த்தை உண்டு. ஃபஹத் ஸதான் போட்டிருக்கான்."

எட்டு வருடமாக அந்த வீட்டில் ‘அ’ மட்டுமே சாயா குடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் ‘ந’ குடித்தது. சீனி போதாது, டம்ளர் கழுவிய தண்ணீர் ஈரம், மாடிப்படியில் யாரோ மிதித்த மண் என்று எல்லாவற்றுக்கும் கபிரியேல் சந்தோஷமாக அலுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இம்முறை ஆங்கிலத்தில். டிக்கெட்டை முன்னால் மாற்றிவிட்டோம், விமான நிலையத்தில் இருக்கிறோம், மன்னிக்கவும் அங்கிள், அடுத்த தடவை பார்க்கலாம். அதில் ‘அ’வும் இல்லை, ‘ந’வும் இல்லை, கட்டைவிரலை உயர்த்திய ஒரு மஞ்சள் கை மட்டும் இருந்தது.

"யாருவே, அரபியா?" ஹாலிலிருந்து பேபி கத்தினார். "என்ன சொல்லுகான்?"

கபிரியேல் எட்டிப் பார்த்தார். நாற்காலி போதாமல் இரண்டு பேர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபாய் யாரையோ பழித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சீனி எத்தன கரண்டி போடுவியன்னு கேக்கான்" என்றார்.

வெள்ளியும் சனியும் நல்ல கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. இளநீர்க்குலை இறங்கியது. ஞானையன் சலவை வேட்டியில் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி சாலையைப் பார்த்து நின்றார். ஒவ்வொரு வெள்ளைக் காரையும் ஒருமுறை வரவேற்றார். வெயில் ஏறிய பிறகு கபிரியேல் வெளியே வந்து சொன்னார்: "அவன் வரமாட்டான். ஊருக்குப் போயிட்டான்."

"எப்பத் தெரியும்?" என்றார் பேபி.

"வியாழக்கெழம."

"பின்னே அப்பவே சொல்லப்பிடாதா?"

"நீங்க எல்லாரும் இருந்திய." கபிரியேல் தரையைப் பார்த்தார். "சாயா ஆறிப்போவும்லா."

ஜெயபாய் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பேபி கோபப்படுவதற்காகக் கிட்டே வந்து, ஓர் இளநீரை அவர் கையில் வைத்தார்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒலிபெருக்கி கையில் இருப்பவர் சும்மா இருக்க முடியாது. "அரபி வராட்டா என்னவே?" என்று ஞானையன் தொண்டையைச் செருமினார். "கபிரியேலு நம்ம ரத்தம். இனி இந்த வீட்டுல ஒருநாளும் ஒத்தைக்கு ஒருத்தன் சாயா குடிக்கப்பிடாது. நாம வருவோம். ஊரே வரும்!" கைதட்டல் கடல்வரை கேட்டது. "நாளைக்கே வாறேன் அண்ணே, அடை சுட்டுக் கொண்டாறேன்" என்றாள் ஜெயபாய். "பாலுசாயாதான் வேணும் கேட்டீரா" என்று பேபி அவர் தோளில் தட்டினார். எல்லோரும் இளநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று சாயங்காலமே கபிரியேல் கடைக்குப் போய் இரண்டு லிட்டர் பால் வாங்கி வந்தார்.

மறுநாள் யாரும் வரவில்லை.