பின்படிக்கட்டு

திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சிவப்பானால் மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். அதற்குள் ஒரு கட்டடத்துக்குத் தீக்காப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்லிவிட வேண்டும். இதுதான் என் பிழைப்பு. தண்ணீர் குடிக்கக்கூடப் பயம். குடித்தால் எழுந்து போக வேண்டுமே!

அன்று வந்தது ஒரு மூன்று மாடிக் கட்டடம். புகைப்படங்களை மளமளவென்று தள்ளிக்கொண்டே போனேன். பின்படிக்கட்டுப் படத்தில் கை நின்றது. மேல்மாடிக் கதவை அடைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகள். உச்சியில் கை உடைந்த ஒரு நீல நாற்காலி. அது என் பழைய நாற்காலி. அடக்கடவுளே, இது எங்கள் ஆபீஸ்!

கடிகாரத்தை மறந்து எழுந்தேன். போய்த் தள்ளிப் பார்த்தேன், கதவு அசையவில்லை. தீப்பிடித்தால் மாடியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே வழி, முன்வாசல். பக்கத்து சீட்டு அக்காவுக்கு முட்டிவலி வேறு. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்த வழியை க்ளியர் பண்ணாம இதை நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"கட்டட ஓனர் பெரிய கஸ்டமர்மா. டார்கெட் கழுத்தை நெரிக்குது. பாஸ் பண்ணிடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"கதவைத் தள்ளிப் பாத்தீங்களா சார்?"

முறைத்தார். "உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும். என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இருந்தாலும் விரல் நகரவில்லை. கடிகாரம் சிவப்பாகி மின்னியது.

"ஏன்டி வம்பை விலைக்கு வாங்குற?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

சாயங்காலம் மேனேஜர் பின்பக்கம் போனார். கதவைத் தோளால் இடிக்கும் சத்தம் கேட்டது. வியர்த்துப்போய்த் திரும்பினார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அந்த விண்ணப்பம் பாஸாகியிருந்தது, அவர் பெயரில். கண்ணாடி அறை காலி. அவருடைய மேசை முன்வாசலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! கீழே இறங்கிச் சுற்றிப்போய், பின்படி ஏறி, ஒரு பெட்டியைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் தொப்பென்று வைத்தேன்.

"என்ன இது?"

"பின்படிக்கட்டு சார். இன்னும் இருக்கு."

அவர் பதில் சொல்வதற்குள் லிஃப்ட் திறந்தது. நொண்டிக்கொண்டே அக்கா வெளியே வந்தாள், கையில் அந்த நீல நாற்காலி.