வெந்நீரில் போட்ட தண்டு

சூளையைத் திறந்ததும் அவள் முகம் தொங்கிப்போனது. பதினோராம் முறையும் சாம்பலும் சில்லும்தான்.

செய்முறை என்னவோ எளிதுதான். காய்ந்த சோளத் தண்டைப் பீங்கானாக இறுகும் கரைசலில் ஊறப்போட்டுச் சுட வேண்டும். தண்டு எரிந்துபோகும், தண்டுக்குள் நீர் ஏறிய நுண்குழாய்களின் வடிவம் மட்டும் பீங்கானில் அப்படியே நிற்கும். தண்ணீர் வடிகட்ட அதைவிட நல்ல துளை கிடையாது. போன மாதம் ஒன்று அப்படி வந்தது. முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "கெட்டிக்காரிதான்" என்றார். அவளும் தலையாட்டி வைத்தாள். அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் சூளையின் சூடு நினைவுக்கு வரும். கணவன் எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி.

அவளுடைய நாத்தனாரும் அதே பட்டறையில்தான் தண்டு கழுவினாள். சில்லுகளைக் குப்பையில் கொட்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றவள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"போன மாசம் நல்லா வந்துச்சே, அந்தத் தண்டுல பூச்சி இருந்துச்சு. வெந்நீர்ல போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். நீங்க கழுவ மட்டும்தானே சொன்னீங்க, அதான் வாயைத் திறக்கல."

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். கொதித்ததில் உள்ளிருந்த காற்றும் பிசினும் வெளியேறி, கரைசல் அடிவரை இறங்கியிருக்கும்.

"ஒரு மாசமா என்னைப் பேயா அலைய விட்டுட்டியே."

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணி."

உண்மைதான். தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

அன்றே தண்டுகளைக் கொதிக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் சூளையில் ஒன்பதுக்கு ஏழு முழுசாக நின்றன. ஒன்றை எடுத்துப்போய் முதலாளி மேசையில் வைத்தாள். கதவு வரை நடந்தவள், மனசு கேட்காமல் திரும்பி வந்தாள்.

"இது என் மூளை இல்லைங்க. போன மாசம் வந்ததும் இல்ல. என் நாத்தனார் வேகவச்சதால வந்தது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப செய்முறையை ரெண்டு பேர் பேரும் போட்டு எழுதிக் குடுங்க."

சேதி கேட்ட நாத்தனார் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "மாட்டி விட்டுட்டீங்களே. இனிமே அண்டா அண்டாவா வேகவைக்கிறது யாரு?"

"நானும்தான்" என்றாள் அவள். மற்ற இரண்டும் ஏன் உடைந்தன என்ற கேள்வி அதற்குள் அவளை அரிக்கத் தொடங்கியிருந்தது.