சம்பந்தி சுற்றிக் காட்டிய நகரம்

மகளைக் கட்டிக்கொடுத்த நகரத்துக்கு முதல் தடவையாக வந்திருந்தார் மோட்டார் கடைக்காரர். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டுவது அவர் தொழில். சம்பந்தியோ ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். கட்டிய மனைவி உட்பட வீட்டில் எல்லோரும் அவரை ‘சார்’ என்றே கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியில் வீடு. அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலில் படுத்திருப்பவர் காலை மடக்கவேண்டும்.

“இன்னைக்கு உங்களுக்கு ஊரையே சுத்திக் காட்டிடுறேன் சம்பந்தி. சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி” என்றார் சார்.

செருப்பு மாட்டும்போது மகள் காதைக் கடித்தாள். “அப்பா, சாருக்கு ஆபீஸையும் வீட்டையும் விட்டா ஒண்ணும் தெரியாது. பார்த்துப் போங்க.”

“சும்மா இரு. சம்பந்தி வாய்விட்டுக் கூப்பிடுறாரு, மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?”

பஸ்ஸில் மோட்டார் கடைக்காரரின் ஒரு கால்தான் தரையில் இருந்தது. யாருடைய சாப்பாட்டுப் பையோ அவர் தாடைக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

“இன்னைக்குக் கூட்டமே இல்ல. உங்க ராசி” என்று எங்கிருந்தோ சாரின் குரல் வந்தது.

தூண் வைத்த மாளிகை ஒன்று ஜன்னலில் நகர்ந்தது. “அது என்னங்க சார்?”

“அதுவா? அது பழைய கட்டடம்.”

அடுத்தாற்போல் ஒரு கண்ணாடிக் கோபுரம். “அது?”

“அது புதுசு.”

நாற்சந்தியில் ஒரு சிலை கையை நீட்டிக்கொண்டு நின்றது. “ரொம்பப் பெரிய மனுஷன்” என்று பயபக்தியோடு சொல்லிவிட்டு, பேச்சை வெயிலுக்கு மாற்றினார் சார்.

கடைவீதியில் இறங்கியதும் அவர் கையை நீட்டினார். “கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இங்க விட்டா போச்சு.”

அங்கே நடக்கக் கால் தேவைப்படவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தள்ளுவண்டி குறுக்கே புகுந்ததில் பிடி நழுவியது. மோட்டார் கடைக்காரர் துழாவி மறுபடியும் பிடித்துக்கொண்டார். கை முன்னைவிட மிருதுவாக இருந்தது, சோப்பு வாசம் வேறு. சம்பந்தியின் கையை ஆராய்வது மரியாதையில்லை என்று பிடியை விடாமல் நடந்தார்.

வீதி முடிந்த இடத்தில்தான் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒருவர்!

“நீங்க யாருங்க?” என்றார் பதறிப்போய்.

“சலூன் வச்சிருக்கேங்க. நீங்க உரிமையா கையைப் பிடிச்சதும் தெரிஞ்சவர்னு நினைச்சேன். யாருன்னு கேட்டா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு கூடவே வந்துட்டேன். என் கடை அந்தக் கோடியில இருக்கு.”

“அடடா! அப்ப இது எந்த இடம்?”

“தெரியலீங்க. பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன், இந்தப் பக்கம் வந்ததில்ல.”

இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று இருவரும் டீ குடித்தார்கள். எதிரே கார் நிறுத்துகிற ஏழு மாடிக் கட்டடம். தடுக்க ஆளில்லாததால் உச்சிவரை ஏறினார்கள். கீழே கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும், அவற்றுக்கு நடுவே ஓடையாக ஓடும் தலைகளும். இடித்துத் தள்ளிய அதே கூட்டம் அங்கிருந்து சத்தமில்லாமல், அழகாக நகர்ந்தது. சலூன்காரர் சிறுபிள்ளைபோல் குதித்தார். “அதோ பாருங்க, என் கடை! இவ்வளவு சின்னதா அது!”

அப்போது போன் அடித்தது.

“சம்பந்தி, எங்க இருக்கீங்க?” என்றார் சார். “கால் தன்னால நம்ம தெரு முனைக்கே கொண்டுவந்து விட்டுடுச்சு. நேரா மாடிக்குப் போயிடாதீங்க! நான் கீழயே நிக்கிறேன், சேர்ந்து போவோம்.”

சலூன்காரரிடம் விடைபெற்று, வழி கேட்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார் மோட்டார் கடைக்காரர். இருவரும் சேர்ந்தே போனார்கள். படியேறும்போது பார்த்ததையெல்லாம் மோட்டார் கடைக்காரர் சொல்லிவைக்க, வீட்டுக்குள் நுழைந்ததும் சார் அதையே அளந்தார். “ஊரே காலடியில கிடந்துச்சு. என்ன சம்பந்தி?”

மகள் அப்பாவையே பார்த்தாள்.

“ஆமாமா. சார் மட்டும் கூட்டிட்டுப் போகலேன்னா இதையெல்லாம் பார்த்திருக்கவே முடியாது” என்றார் அவர். அதில் பொய் எதுவும் இல்லை.

சம்பந்தியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். “கல்யாணமாகி வந்த நாளா இந்த மாடிதான் நான் பார்த்த மாடி. நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க சார்.”

சாருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சம்பந்தியைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“அந்தக் கட்டடத்துக்கு எந்த பஸ்ல ஏறணும்?”