புயல்மாறன் வாசிப்பு மன்றம்

பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகைக் கூரையிலிருந்து கூத்தையா குதித்தபோது அவன் கழுத்தில் அக்காவின் தாவணி கட்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பையன். இடது கை ஒடிந்தது. சாயங்காலத்துக்குள் தேவிபட்டினம் முழுக்க ஒரே பேச்சு: செவ்வந்தி டீச்சர் கொடுத்த படக்கதைப் புத்தகத்தைப் படித்துத்தான் பையன் பறக்கப் பார்த்தான் என்று.

பேச்சில் பொய் இல்லை.

செவ்வந்திக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய் விவசாயக் குடும்பம். தொண்ணூறாம் வருஷம் தமிழாசிரியையாக வந்தவளிடம் வாசிப்பு மன்றத்தை ஒப்படைத்தார்கள். அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பிரித்ததுமே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மதுரைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் புயல்மாறன் சித்திரக் கதைகளை ஒரு கட்டு வாங்கி வந்தாள். புயல்மாறன் முகமூடி போட்டவன், பறப்பவன், காற்றைக் கையால் திருப்பி விடுகிறவன். அதற்குப் பிறகு மன்றத்தில் உட்கார இடம் போதவில்லை. படித்த நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் அதிகம். ஊரைக் காப்பாற்றிவிட்டு இவன் பறந்து போய்விடுகிறானே, இடிந்து கிடக்கிற வீடுகளை யார் கட்டுவது என்று ஒன்பதாம் வகுப்பு நூர் நிஷா ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே இரண்டு வாரம் ஓடியது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கூத்தையா மாவுக்கட்டோடு படுத்திருந்தான்.

"எதுக்குலே குதிச்ச?"

"பறக்க முடியாதுன்னு தெரியும் டீச்சர். இருந்தாலும் ஒருக்கா பாத்துருவமேன்னு தோணுச்சு."

பக்கத்தில் இருந்த அவன் அம்மா ராக்கு, கருவாடு காயப்போடுகிறவள், முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"புத்தகத்தக் குடுத்தீகளே டீச்சர், கூரையில ஏறாதலேன்னு ஒரு வார்த்த சொன்னீகளா?"

"சொல்லலம்மா" என்றாள் செவ்வந்தி. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை, ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்றதில் பயந்திருந்தார். திங்கட்கிழமை பிரேயரில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அந்தப் புத்தகங்களை அவளே கொளுத்த வேண்டும், இவை பிள்ளைகளின் புத்தியைக் கெடுப்பவை என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும் என்றார்.

செவ்வந்தி நின்றபடியே சொன்னாள்.

"பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லாம விட்டது என் தப்பு. அத எழுதித் தாரேன் சார். படிச்சது தப்புன்னு எழுத மாட்டேன். கொளுத்தவும் மாட்டேன்."

அப்படியானால் இந்தக் காம்பவுண்டுக்குள் இனி மன்றம் நடக்காது என்று அவர் முடிவாகச் சொன்னார். காம்பவுண்டுக்குள் நடத்த மாட்டேன் என்று செவ்வந்தியும் ஒப்புக்கொண்டாள். பணிந்துவிட்டாள் என்றே அவர் நினைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் பூவரச மரத்தடியில் பாயை விரித்துப் புத்தகக் கட்டை அவிழ்த்தாள். நாலே பிள்ளைகள் வந்தார்கள். முதலில், எவரும் எங்கேயும் ஏறிக் குதிக்கக் கூடாது என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னாள். பிறகு வாசிப்பு தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை நூர் நிஷாவின் உம்மா சாலிஹா வேகமாக வந்தாள். மகளைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்தாள். புருஷன் ரியாத்தில் இருந்தார். மகளைப் பற்றி நாலு பேர் பேசினால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஒரு புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பொம்பளைக்குத் துணி பத்தலையா டீச்சர்?"

"எனக்கும் அது பிடிக்கலதான்" என்றாள் செவ்வந்தி.

"அவளுக்காகத்தான உம்மா போன வாரம் சண்ட போட்டோம்" என்றாள் நூர் நிஷா. அந்தப் பெண்ணைப் கதை முழுக்கக் கட்டியே போட்டிருக்கிறார்கள், ஒரு தடவையாவது அவள் கட்டை அவளே அவிழ்க்கக் கூடாதா என்று கேட்டாளாம்.

சாலிஹா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு பையன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். புயல்மாறன் விடிகாலையில் வீட்டுக்குள் நுழைகிற இடம் வந்தது.

"இவன் பொஞ்சாதிக்கு இவன் யாருன்னு தெரியுமா?" என்று சாலிஹா கேட்டாள்.

தெரியாது என்றார்கள்.

"எங்க போறான், என்ன பாடுபடுறான்னு ஒண்ணும் தெரியாமயா அவ சோறு பொங்கி வச்சிட்டு இருக்கா?"

மகளைக் கூட்டிப் போக வந்தவள் இருட்டுகிற வரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அவளே பேசியிருக்க வேண்டும்; அடுத்த வாரம் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடினார்கள்.

சேதி எட்டி, தலைமையாசிரியர் பெற்றோர் சங்கத் தலைவரோடு கடற்கரைக்கே வந்து நின்றார். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார். சில பிள்ளைகள் எழுந்தார்கள். செவ்வந்தி எழவில்லை. சாலிஹாதான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"எம் புள்ளைய நாந்தான் கூட்டியாந்தேன் சார். இது கடக்கர. இங்கன உக்காந்து படிக்க யாருகிட்ட உத்தரவு வாங்கணும்?"

அப்போதுதான் ராக்கு வந்தாள், கூத்தையாவை முன்னால் தள்ளிக்கொண்டு. தலைவர் முகம் மலர்ந்தது. அவளையே பேசச் சொன்னார். ராக்கு அவர்களைத் தாண்டிப் போய் மகனைப் பாயில் உட்கார வைத்தாள்.

"மரத்துல ஏறுன, இன்னொரு கைய நானே ஒடிப்பேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவன் அசையாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். எழுந்த பிள்ளைகளும் திரும்ப உட்கார்ந்தார்கள். வந்த இருவரும் திரும்பிப் போனார்கள்.

கோடை விடுமுறைக்குச் சற்று முன் பியூன் வீட்டுக்கு வந்து, டீச்சரை வேறு ஊருக்கு மாற்றப் பேச்சு நடக்கிறது, புத்தகங்கள் கெட்டவை என்று இப்போது எழுதிக் கொடுத்தாலும் மாறுதல் வராமல் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொன்னதாகச் சொன்னான். செவ்வந்தி அவனுக்குக் காப்பி கொடுத்து, எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

ஜூனில் உத்தரகோசமங்கைப் பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல் வந்தது. புத்தகக் கட்டை சாலிஹாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை வாசிப்பை இப்போது சாலிஹாதான் நடத்துகிறாள். தான் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப விடமாட்டேன் என்கிறாள் என்று பிள்ளைகள் அவளோடு ஓயாமல் சண்டை போடுகிறார்கள்.