பந்தி வஞ்சனை

என் ஆறு மாத உழைப்பில் ஒரு டம்ளர் நீராகாரத்தை ஊற்றிவிட்டார் லூர்தம்மாக்கா.

நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் நான் பிஎச்டி மாணவி. இருபது எலிகளுக்கு நல்ல பாக்டீரியா கேப்சூலைக் கலந்த தண்ணீர், இருபதுக்கு வெறும் தண்ணீர். பிறகு தொட்டியில் நீந்தவிட்டு, தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும் மேடையை எது நினைவு வைத்துச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். பாழாய்ப்போன எலிகள், நாற்பதும் ஒரே வேகத்தில் போய் ஏறி உட்கார்ந்தன!

காரணம் நேற்றுக் காலை கையும் களவுமாகச் சிக்கியது. கூண்டு சுத்தம் செய்யும் லூர்தம்மாக்கா, தன் டிபன் டப்பாவிலிருந்து பழைய சோற்றுத் தண்ணீரை வடித்து, வெறும் தண்ணீர் எலிகளின் புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“இன்னாத்துக்கும்மா கத்துறே? அந்தாண்ட கீறதுக்கு மருந்து, இந்தாண்ட கீறதுக்கு வெறும் தண்ணியா? ஒரே ஊட்ல பந்தி வஞ்சனை பண்லாமா? பாவமா கீது.”

“எத்தனை நாளா ஊத்துறீங்க?”

“நீ ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து.”

பந்தி வஞ்சனையாம்! எலிக்கு ஏது பந்தி? என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டீர்களே என்று கத்தித் தீர்த்தேன். அக்கா முகம் செத்துப்போனது.

“வேலை போய்டுமாம்மா? எம் பொண்ணு ஸ்வீட்லின் இன்னும் நர்சிங் முடிக்கலம்மா.”

நேராக என் கைடு மனோகரன் சாரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். முதலில் குதித்தார். பிறகு என் எண்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“கேப்சூலும் பழைய சோத்துத் தண்ணியும் ஒரே வேலை பண்ணுது! பெரிய பேப்பர் ஷைலா. ஐடியா என்னோடதுன்னு எழுதிடு.”

“வெறும் தண்ணி குடிச்ச எலி ஒண்ணுகூட இல்லையே சார். ரெண்டுமே ஒண்ணும் பண்ணலையோ என்னவோ. எதை வெச்சு சொல்றது?”

“போன வருஷம் வெறும் தண்ணி குடிச்ச எலிங்களோட நம்பரைப் போடு. அந்தம்மாவ இன்னிக்கே அனுப்பிடு, வெளிய உளறும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா செய்தது தப்புதான். ஆனால் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். படித்த இந்த மனுஷனோ, அவர் சோற்றுத் தண்ணீரைத் தன் இலையில் ஊற்றிக்கொண்டு, அவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடப் பார்க்கிறார். சீ!

ஆய்வு நோட்டை எடுத்து, அவர் கண்முன்னே எழுதினேன்: ‘வெறும் தண்ணீர் தர வேண்டிய இருபது எலிகளுக்கும் முதல் நாளிலிருந்து நீராகாரம் கொடுக்கப்பட்டது. சோதனை செல்லாது. புதிய எலிகளோடு மறுபடி தொடங்க வேண்டும்.’

“இதுல கையெழுத்துப் போடுங்க சார். அக்காவ அனுப்பினா, இந்த நோட்டு நேரா எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும்.”

“உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.”

“போகட்டும். நீங்க சொன்னது பந்தி வஞ்சனை சார்.”

“என்னது?”

“லூர்தம்மாக்காகிட்ட கேளுங்க. எலிங்களுக்கே கூடாதும்பாங்க.”

பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.