அளவுகோல் தொடாத தண்ணீர்

அளவு பார்ப்பவரின் வேலை ரொம்பச் சுலபம். தினமும் காலையில் காட்டுப் பள்ளத்தாக்குக்குப் போய், ஆற்றில் நட்ட அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒன்பது மைல் நடை, வழியெல்லாம் அட்டை. முதல் மாதம் ஒழுங்காகப் போனார். அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் நகரத்தில், வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே ஆற்றை ஓடவிட்டார். நேற்று ஆறடி என்றால் இன்று ஆறேகால். மனது நன்றாக இருந்தால் ஏழடி. கோடையில் ஆறு வற்றும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

நகரம் பெருத்து, குழாய்கள் வெறும் காற்றைக் கக்க ஆரம்பித்ததும் குடிநீர் இலாகா அந்த நோட்டுகளைத் தூசி தட்டியது. இப்படியும் ஓர் ஆறா என்று பெரிய எஞ்சினியர் மலைத்துப் போனார். அணை கட்ட உத்தரவாயிற்று.

அடுத்த வாரம் காடு வெட்ட ஆள் போகிறது என்று கேட்டதும் அளவு பார்ப்பவருக்கு அந்த முதல் மாதம் பார்த்த மரங்களும், மனிதனைக் கண்டால் ஓடவேண்டும் என்றுகூடத் தெரியாத மான்களும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. நேரே எஞ்சினியர் அறைக்குப் போனார்.

"சார், நோட்டுல இருக்கறது பூரா நான் வீட்ல உக்காந்து எழுதினது. ஆத்துல அவ்வளவு தண்ணி கிடையாது. காட்டை வெட்ட வேண்டாம் சார்."

எஞ்சினியர் கோபப்படவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்த நோட்டை நம்பிப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். இப்பப் போய் இல்லேன்னா நல்லாவா இருக்கும்? தண்ணி கம்மியா ஓடினா அது ஆத்தோட தப்பு. நீங்க போய் வேலையைப் பாருங்க."

காடு போயிற்று. நாலு வருடத்தில் சுவர் எழுந்தது. அதுவரை ஆபீஸில் தபால் உறை ஒட்டிக்கொண்டிருந்த அளவு பார்ப்பவரை அணைக்கு மாற்றினார்கள், அனுபவசாலியாயிற்றே.

திறப்பு விழாவன்று காலையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. மனைவி காலி வாளியோடு வாசலில் நின்றாள்.

"என்னங்க, உங்க இலாகா லாரியெல்லாம் எங்கதான் போச்சு?"

அணைக்குப் போனதும் அவருக்கு விடை கிடைத்தது. நாற்பது லாரிகள் வரிசையாகப் பின்பக்கம் காட்டி, அணைக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. அவர் தெரு லாரியின் டிரைவர் கையசைத்தார்.

"நம்ம தெருத் தண்ணிதாண்ணே."

மேடையில் கைதட்டல் ஓயவில்லை. அளவு பார்ப்பவர் படியிறங்கிப் போய், புது அளவுகோலைக் குனிந்து பார்த்தார். நோட்டில் எழுதினார்: 'தண்ணீர் அளவுகோலைத் தொடவில்லை.' எழுதியதும் மனது லேசாயிற்று.

மறுநாளே இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. இத்தனை ஆண்டுகள் நேர்மையாக உழைத்த தாங்கள், இப்போது பொய்யான அளவை எழுதியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கவும்.